ஒன்பது விநாடி மழை

மரகதவல்லி தியேட்டருக்குள் முதன்முதலாக மழை பெய்தது ஒரு சனிக்கிழமை மேட்னியில். ஏரிகளெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த, தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் பிணத்தைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த வருஷத்தில், ஓட்டேரி செட்டித்தோட்டத்து முனையில் இருந்த அந்தப் பழைய தியேட்டரில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஒரு விதவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள், வானம் இடித்தது, மழை கொட்டியது, கொட்டிய மழை திரையோடு நிற்காமல் முன்னால் இருந்த ஐந்து வரிசையின் மேலும் கொட்டியது. மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று வந்திருந்த கன்னியம்மா அக்கா அண்ணாந்து கூடப் பார்க்கவில்லை. டிபன் கேரியரைத் திறந்து மூன்று அடுக்கையும் பக்கத்து நாற்காலிகளில் வரிசையாக வைத்தாள், மூடியையும் மல்லாத்தி வைத்தாள். விதவை ரயில் ஏறியதும் மழை நின்றது. மூன்று அடுக்கும் ததும்பின.

அவளுக்குப் பின்வரிசையில் நான் இருந்தேன். கையில் இருந்த நோட்டில் அதுவரை எழுதிய குறிப்பெல்லாம் மை கரைந்து ஓடியது.

நான் அப்போது திரைப்படக் கல்லூரியில் டைரக்‌ஷன் கடைசி வருஷம். பேர் வைரவன், ஊர் தேவகோட்டைப் பக்கம். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பில் சினிமாவைப் பற்றிப் பேசுவார்கள், மீதி இரண்டு நாளில்தான் சினிமாவைப் பார்க்க முடியும் என்பதால், சனிக்கிழமை காலைக் காட்சிக்குள் நுழைந்தால் ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோ முடிந்துதான் வெளியே வருவேன். நகரத்தின் இந்த மூலையில் ஒரு படம், பஸ் பிடித்து அந்த மூலையில் ஒரு படம், நடுவில் ஒரு டீ, ஒரு பன், இதுதான் என் வார இறுதி. கல்லூரி தெற்கே இருக்க நான் வடக்கே அறை எடுத்ததே மரகதவல்லிக்காகத்தான். கன்னியம்மா அக்கா தெருவைப் பார்த்து இட்லிக் கடை வைத்திருந்தாள், அவள் வீட்டு மாடியில் தகரக் கூரை அறை எனக்கு. தினமும் நான் கண் விழிக்கும் முன்னால் மாடிப்படியின் ஐந்தாவது படியில் ஒரு சொம்பு குடிதண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். அந்த வருஷம் ஒருவனுக்குத் தினம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது சொத்தில் பங்கு கொடுப்பது மாதிரி.

படம் முடிந்ததும் நான் ஆபரேட்டர் டொமினிக் அண்ணனிடம் ஓடினேன். முப்பது வருஷமாக அந்தப் புரொஜெக்டரோடு குடித்தனம் நடத்தியவர். அவர் ரீலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"படத்துல மழ இருந்துச்சி, பேஞ்சிச்சி. இதுல இன்னா கேள்வி?"

"இல்லண்ணே, எப்படி வெளிய வந்துச்சு?"

"உள்ள எம்மா நாளுதான் இருக்கும் அது?"

அவ்வளவுதான். செட்டித்தோட்டத்தில் அதற்கப்புறம் யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்பது தண்ணீர் இருக்கிற ஊர்க்காரனின் பழக்கம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு இருநூறு குடங்கள் வந்தன. அதற்கடுத்த வாரம் டோக்கன் முறை வந்தது. முன்னால் ஐந்து வரிசையில் குடம் மட்டும்தான் உட்கார வேண்டும், மனுஷர்கள் நடைபாதையில் நிற்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு குடம், வீட்டில் கல்யாணம் சாவு என்றால் கூட ஒன்று என்று பெண்களே கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள். தியேட்டர்கள் உண்டான நாளிலிருந்து முன்வரிசைதான் மட்டம், பின்னால் போகப் போகத்தான் மரியாதை. மரகதவல்லியில் அது தலைகீழானது, பால்கனியில் காக்காய் குருவி கூட உட்காரவில்லை. வட்டச் செயலாளர் தன் தலைவர் படத்தோடு வாசலில் ஒரு பேனர் கட்டி, தலைவரின் ஆணைக்கிணங்க இங்கே மழை பெய்கிறது என்று எழுதிவைத்தார். ஆடி மாதம் வந்ததும் தெருக்கோயில்காரர்கள் புரொஜெக்டருக்கு மாலை போட்டுக் கூழ் ஊற்றினார்கள், கூழ் காய்ச்சிய தண்ணீரும் புரொஜெக்டர் கொடுத்ததுதான். முதல் தெருப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை கைகால் கழுவ, சனிக்கிழமையே அண்டாக்களை அனுப்பிவைத்தார்கள்.

மூன்றே வாரத்தில் பெண்கள் சினிமா மழைகளைத் தரம் பிரித்துவிட்டார்கள். டூயட் மழை துணி துவைக்கத்தான் லாயக்கு, அதில் பவுடர் வாடை வருகிறது. சண்டை மழையை ஒரு ராத்திரி தெளியவைத்துத்தான் எடுக்க வேண்டும், அத்தனை சேறு. பருப்பு வேக வேண்டுமென்றால் சோக மழைதான்; புருஷன் சாகிற மழையில் துவரம்பருப்பு மூன்றே விசிலில் குழைந்துவிடுகிறது என்று கன்னியம்மா அக்கா என்னிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள். புதுப் படங்களில் வரும் கம்ப்யூட்டர் மழை மட்டும் ஒரு சொட்டுக்கூடத் தேறவில்லை. யாரோ ஒரு காலத்தில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, பைப்பில் ஓட்டை போட்டு, நடிகர் நடிகையின் தலையில் நிஜமாகக் கொட்டிய மழைதான் வெளியே பெய்தது.

அங்கேதான் நான் முக்கியமான ஆளானேன். எந்தப் படத்தில் மழை உண்டு, எத்தனையாவது ரீலில், எத்தனை நிமிஷம், நிஜ மழையா கம்ப்யூட்டர் மழையா என்பதெல்லாம் அந்தப் பேட்டையில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். மூன்று வருஷமாக கேமரா கோணமும் ஒளியமைப்பும் குறித்துவைத்த நோட்டில் இப்போது மழைக் கணக்கு எழுதினேன். என் அப்பா கூட என்னைப் பார்த்து உனக்குச் சினிமா தெரியும் என்று சொன்னதில்லை, செட்டித்தோட்டத்துப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "டைரக்டர் தம்பி, இந்த வாரம் இன்னா படம்? கனமா பேயுமா?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஒரு சங்கடம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. யாரும் படம் பார்க்கவில்லை. திரையில் ஒரு தாய் மகனின் மடியில் உயிரை விடுவாள், கீழே, "அந்தப் பச்சக் கொடத்தத் தள்ளுடி, வழியுது பாரு" என்று கத்துவார்கள். கொஞ்ச நாளில் மழைக்கு முந்தின ரீலெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். டொமினிக் அண்ணன் மழை ரீல்களை மட்டும் ஒட்டி ஓட்ட ஆரம்பித்தார். பின்வரிசையில் நான் ஒருவன் உட்கார்ந்து, அறுபது தாய்மார்களும் எண்பது காதலர்களும் ஆளுக்கு மூன்று நிமிஷம் நனைந்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. தண்ணீருக்குத் தவிக்கிறவர்கள் மேல் வரக்கூடாத கோபம்தான், ஆனாலும் வந்தது, மறைப்பானேன்.

பிறகு மழை குறைந்தது. பழைய பிரிண்டுகள், ஓட ஓடக் கீறல் விழுந்து, கொட்டியது தூறியது, தூறியது ஈரக்காற்றாக மட்டும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடங்களில் பாதிகூட நிரம்பாமல் எல்லோரும் வெளியே வந்தபோது, கன்னியம்மா அக்கா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ படிப்பு முடிக்கறதுக்கு ஒரு படம் எடுக்கணும்னு சொன்னியே."

"ஆமாக்கா. இந்த மாசம் எடுக்கணும்."

"அதுல மழ வருமா?"

வந்தது. உண்மையாகவே வந்தது. என் கதையில், வீட்டை விட்டு ஓடிப்போன புருஷன் பல வருஷம் கழித்து ஒரு மழை நாளில் திரும்பி வந்து வாசலில் நிற்பான், பெண்டாட்டி அவனைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். ஆனால் மாணவன் படத்துக்கு யார் தண்ணீர் லாரி கொடுப்பார்கள், அதுவும் அந்த வருஷத்தில்? மழையை வெயிலாக மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தாத," என்றார் டொமினிக் அண்ணன். "தண்ணிய நாங்க தர்றோம். ஒரு தபா ஊத்துனா போதும், புது பிரிண்டு, ரெண்டு வருஷம் பேஞ்சிகினே இருக்கும்."

எத்தனை நிமிஷ மழை தருவாய் என்று கேட்டார்கள். கல்லூரியில் ஆறு டப்பா ஃபிலிம் கொடுப்பார்கள், ஒரு டப்பாவுக்கு நாலு நிமிஷம். மூன்று டப்பா மழைக்கு, பன்னிரண்டு நிமிஷம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டித்தோட்டம் தன்னிடம் இருந்த கடைசித் தண்ணீரைக் கொண்டுவந்து தியேட்டர் பின்வாசல் தொட்டியில் ஊற்றியது. வீட்டுக்கு ஒரு குடம், முடியாதவர்கள் ஒரு சொம்பு. ஒருத்தி குழந்தையின் பால்புட்டியைக் கழுவ வைத்திருந்ததைக் கொண்டுவந்தாள். கன்னியம்மா அக்கா வீட்டில் ஒரு நீல டிரம் இருந்தது, மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்திருந்தாள். அவள் மகள் அம்சா தலைப்பிரசவத்துக்கு வந்து எட்டு மாதத்தில் இருந்தாள். பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்க, வீட்டைக் கழுவ, தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்ற என்று முதல் சோக மழையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த தண்ணீர் அது. அந்த டிரம்மை நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, இது வேணாமே," என்றேன்.

"பன்னெண்டு நிமிசம் பேஞ்சா எனக்கு இதுமாரி நாலு டிரம்மு ரொம்பும். நீ எடு தம்பி," என்று பூட்டைத் திறந்தாள்.

பெண்டாட்டியாக நடித்ததும் அவள்தான். நடிப்பு என்று தனியாக எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவள் புருஷனும் பத்து வருஷத்துக்கு முன் லுங்கியோடு சிகரெட் வாங்கப் போனவன்தான். டொமினிக் அண்ணன் ஓடிப்போன புருஷனாக வாசலில் நின்றார். மூங்கிலில் கட்டிய ஓட்டைப் பைப்புகளில் தண்ணீர் ஏறி, பேட்டையின் மொத்த ஈரமும் அவர் தலையில் விழுந்து, சாக்கடையைப் பார்த்து ஓடியது. சுற்றி நின்றவர்களால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நாலைந்து பேர் தங்களையறியாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் கத்தினேன்: "ஃபிரேமுக்குள்ள பாத்திரம் வரக்கூடாது! எல்லாரும் வெளிய போங்க!" போனார்கள். பேசினை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது டப்பா முடியும் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போன அக்கா, நான் சொல்லாமலே கதவைத் திறந்தாள். மழையில் நிற்கிறவனைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கதையில் அது இல்லை. ஆனாலும் நான் கட் சொல்லவில்லை.

எடிட்டிங் டேபிளில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மழையால் அல்ல. கதவைச் சாத்தியபின் உள்பக்கமிருந்து எடுத்த ஒரு ஷாட் இருந்தது, மிச்ச மூன்றில் ஒரு டப்பா முழுக்க, நாலு நிமிஷம், வெட்டே இல்லாமல்: சாத்திய கதவு, அதில் முதுகைச் சாய்த்து நிற்கும் அக்கா, வெளியே மழைச் சத்தம். அவ்வளவுதான். மழை கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஆனால் அவளுடைய பத்து வருஷமும் அந்தச் சத்தத்தில் இருந்தது. எங்களுக்கு எடிட்டிங் எடுத்த மாசிலாமணி சார் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இந்தக் கதவு போதும்யா. வெளியில அந்த ஆள் நனையறது, கடைசியில கதவு திறக்கறது, எல்லாம் எதுக்கு? வெட்டு. உனக்கே தெரியுதுல்ல?"

தெரிந்தது. வயிற்றெரிச்சல் அதுதான், அவர் சொன்னது சரி என்பது எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நிமிஷ மழையையும் வைத்தால் படம் செத்துப்போகும், வெட்டினால் பிழைக்கும். செட்டித்தோட்டத்தை நினைத்தேன். நீல டிரம்மையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும். கதவு சாத்துவதற்கு முன்னால் மழை தெரிகிற ஒன்பது விநாடியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். அன்று மாலை பஸ்ஸில் அறைக்குத் திரும்பும்போது, சத்தம் மட்டும் இருந்தால்கூட ஒருவேளை பெய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை ஐந்தாவது படியில் இருந்த சொம்பைத் தூக்கிக் குடித்தேன், தொண்டையில் இறங்கியது.

லேபில் வேலை முடிந்து பிரிண்ட் வர இரண்டு மாதமானது. அதற்குள் அம்சாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பிரிண்ட் வந்தது ஒரு சனிக்கிழமை, பிள்ளைக்கு அன்று பதினைந்தாம் நாள். நாளைக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும், டிரம் காலி, ஆனால் அக்காவுக்குக் கவலையே இல்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க டைரக்டர் தம்பி படம்," என்று சொல்லிக்கொண்டு டிரம்மையே தியேட்டருக்கு உருட்டி வந்தாள். நானூறு பேர் வந்தார்கள். குடம், அண்டா, பேசின், சிமென்ட் தொட்டி, குழந்தைகளின் தண்ணீர் பாட்டில் என்று ஐந்து வரிசையும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. வட்டச் செயலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

படம் ஓடியது. வழக்கம்போல யாரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் டொமினிக் அண்ணன் வந்து நின்றதும் மழை பெய்தது. புது பிரிண்டின் மழை, கனமாக, சடசடவென்று, குடங்களின் அடியில் முழங்கியது. நானூறு தொண்டையிலிருந்து ஒரு சந்தோஷச் சத்தம் எழுந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதில் அக்கா கதவைச் சாத்தினாள்.

மழை நின்றது. மழைச் சத்தம் நிற்கவில்லை. இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களிலும் பேய்மழை கொட்டியது, காய்ந்த தியேட்டர் அதிர்ந்தது, ஒரு சொட்டு விழவில்லை. முதலில் அவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் கையை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம், மரகதவல்லியில் பல மாதங்களுக்குப் பின் முதல் தடவையாக, நானூறு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்கள். அந்தக் கதவு திறக்கும் என்று நம்பி, நாலு நிமிஷமும் கண்ணை எடுக்காமல் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் நான் எத்தனையோ படம் எடுத்துவிட்டேன், எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்க்கவில்லை.

விளக்குப் போட்டார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிரம்மின் அடியில் தேங்கியிருந்ததைக் கன்னியம்மா அக்கா சாய்த்து ஒரு டம்ளரில் பிடித்தாள், டம்ளர் நிரம்பவில்லை. என் பக்கம் வந்தாள். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"நான் கதவத் தொறந்தேனே தம்பி. அத இன்னா பண்ண?"

"வெட்டிட்டேன்க்கா."

"ஏன்?"

படத்துக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "பிறகு சேத்துடலாம்க்கா," என்றேன். அது பொய்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு ஓடினேன். நெகட்டிவை வெட்டி ஒட்டியாகிவிட்டது, வெட்டிய துண்டுகளையெல்லாம் பழைய ஃபிலிமைக் கரைத்து வெள்ளி எடுக்கிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு நிமிஷ மழையும் எங்கோ ஒரு அமிலத் தொட்டியில் கரைந்திருக்கும். மரகதவல்லியில் அதற்கப்புறம் என் படம் உட்பட எந்தப் படத்துக்கும் மழை பெய்யவில்லை. என் படத்துக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது; மழையைக் காட்டாமலே நம்மை நனைத்துவிட்டார் என்று நடுவர் ஒருவர் மேடையில் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது என் படம் ஓடிய மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. எழுந்து வெளியே வந்தேன். கீழே முற்றத்தில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் பேத்தியைக் கிடத்தி, டம்ளரில் இருந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து நெற்றியை, காதை, விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது விநாடித் தண்ணீர் ஒரு பிள்ளையின் கழுத்து வரைக்கும் வந்தது. மிச்சத்துக்கு வெறும் துணியால் துடைத்துவிட்டு, "தீட்டு கழிஞ்சிச்சி, போ," என்று பிள்ளையை அம்சாவிடம் நீட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

நான் படியில் இறங்கினேன். ஐந்தாவது படியில் சொம்பு இருந்தது. கவிழ்த்து வைத்திருந்தாள்.